பெட்ரோல் டாங்குக்குப் போட்ட பூட்டு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறின குப்பை போல இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் எனக்கு இன்றைக்கும் தகராறுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு இந்தக் கை அதிகம் பிடித்தது ஸ்டியரிங்கைத்தான்.

தருமபுரியில் ஒரு புளி வியாபாரியிடம் அம்பாசிடர் கார் ஓட்டினேன். ஊர் அவரை பாய் என்று கூப்பிடும். எனக்கு அவர் முதலாளி. பாலக்கோடு, கிருஷ்ணகிரி என்று சமதரையில்தான் எங்கள் ஓட்டம். பெட்ரோல் முள் நிற்கிற இடத்தைப் பார்த்தே, வண்டி இன்னும் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லிவிடுவேன். முதலாளியும் சொல்லுவார். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாகவே இருக்கும்.

அந்த வருடம் சித்தேரி மலைக்கே போய் புளி எடுக்கலாம் என்று முடிவு செய்தார். என்னை மட்டும் இரண்டு மூன்று முறை அனுப்பினார். ஒவ்வொரு முறையும் நான் சொன்ன தூரத்துக்கு முன்பே பெட்ரோல் தீர்ந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. டாங்க் ஒழுகுகிறதோ என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை.

அதற்குப் பிறகு பெட்ரோல் பங்கில், நாலு பேர் நிற்கும்போது முதலாளி கேட்டார்: "ஏம்ப்பா, வண்டிதான் இவ்ளோ குடிக்குதா, இல்ல வழியில யாருக்காச்சும் ஊத்திக் குடுக்கறியா?"

பெட்ரோல் அடிக்கிறவர் சிரித்தார். "டிரைவர் வூட்டு அடுப்பே பெட்ரோல்ல எரியுதோ என்னமோ பாய்."

 இல்லை என்ற ஒரு சொல் வாய் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. நான் எப்போதும் அப்படித்தான். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் காலையில் வண்டி துடைக்கப் போனால், டாங்க் மூடியில் புதுப் பூட்டு. துணியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சாவி முதலாளியின் சட்டைப் பையில் இருந்தது. அவர் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இல்லை என்று ஒரு வழியாகச் சொல்லியிருப்பேன். பூட்டுக்கு என்ன பதில் சொல்வது?

அந்த வாரமே முதலாளி மலைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் என்று எனக்குத் தெரியும். மலையைப் பார்க்க வேண்டும் என்று அவர் வீட்டம்மாவும் ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டார். முதலாளி தன் கையாலேயே பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அரூர் வரைக்கும் முள் நல்லபடியாக இருந்தது. மலை ஏறத் தொடங்கியதும் முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடி முதல் கியர். வண்டி கத்தியது. முள் சரசரவென்று விழுந்தது. ஒரு வளைவில் ரோடு சமமாக வந்ததும் கொஞ்சம் எழுந்தது. அடுத்த ஏற்றத்தில் மறுபடி விழுந்தது. முதலாளி ரோட்டைப் பார்க்கவே இல்லை.

"நிறுத்து" என்றார்.

இறங்கிப் போய் பூட்டைப் பார்த்தார். குனிந்து டாங்குக்கு அடியில் மோந்து பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "பூட்டு பூட்டுனபடியே இருக்கு. நானும் இங்கியேதான் உக்காந்திருக்கேன். எப்படிக் கொறையுது? கொறஞ்சது எப்படி ஏறுது?"

பின் சீட்டிலிருந்து வீட்டம்மா சொன்னார்: "ஏங்க, என் மடியில பாருங்க. பாதி தண்ணிதான். ஏத்தத்துல பின்னாடி சாஞ்சுகிட்டு, முன்னாடி காலியாட்டம் தெரியுது. உங்க பெட்ரோலு மட்டும் சாயாதா?"

முதலாளி பாட்டிலைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். ஏறி உட்கார்ந்து, போகலாம் என்று கையைக் காட்டினார்.

மலைமேல் சமமான இடத்தில் நிறுத்தினோம். இங்கே எதுவும் சாயவில்லை. அப்படியும் முள் வெகுவாகக் கீழே கிடந்தது. "இது நெசமாவே போனதுதான். எங்க போச்சு?" என்றார்.

"வழியெல்லாம் வண்டி அந்தக் கத்து கத்துச்சே, சும்மாவா கத்தும்? படி ஏறுனா உங்களுக்கு மூச்சு வாங்கறதில்ல?" என்றார் வீட்டம்மா.

திரும்பும்போது டிக்கி நிறைய, கேரியர் நிறைய புளி மூட்டை. அவ்வளவு பாரத்தோடும் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கவே தேவையிருக்கவில்லை. கீழே சமதரைக்கு வந்து பார்த்தால் முள் மலைமேல் நின்ற இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை. அதே ரோடு, அதே வண்டி. நான் அதிர்ந்துபோனேன். இத்தனை வருடம் ஓட்டியும் முள்ளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மேடா, பள்ளமா, எத்தனை மூட்டை என்று ஒரு நாளும் சேர்த்து நினைத்ததில்லை.

"இன்னும் எவ்ளோ தூரம் ஓடும்ப்பா?" என்று கேட்டார் முதலாளி.

"எந்த ரோட்டுலன்னு சொன்னாத்தான் சொல்ல முடியுங்க" என்றேன். அன்றைக்கு நான் பேசியது அது ஒன்றுதான்.

தருமபுரி வந்ததும் அதே பங்குக்கு விடச் சொன்னார். பெட்ரோல் அடிக்கிறவர் பூட்டைப் பார்த்துவிட்டு, "என்ன பாய், திருடன் மாட்டுனானா?" என்றார்.

முதலாளி தானே பூட்டைத் திறந்தார். அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இவரு ஒரு சொட்டு எடுக்கலப்பா. மலை ஏறுனா வண்டி அவ்ளோ குடிக்கும். எனக்குத்தான் தெரியாமப் போச்சு. நீயும் இனிமே அந்த அடுப்புப் பேச்ச விட்டுரு."

பூட்டைச் சாவியோடு என் சீட்டில் வைத்தார்.  எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவரும் அந்த அம்மாவும் வராமல் இருந்திருந்தால், சாகும் வரை நான் பெட்ரோல் திருடனாகவே இருந்திருப்பேன். இல்லை என்று காட்ட என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. அந்த அதிர்ச்சி இன்னும் போகவில்லை.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சோறு போட்டபடியே சொன்னாள்: "வாயத் தொறக்காத மனுசனுக்கு ஒரு பாட்டிலு வந்து சாட்சி சொல்லியிருக்கு."

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குத்தான் எழுத முடிந்தது. 6-8-1989, ஞாயிற்றுக்கிழமை.