வெல்டா பள்ளத்தாக்கு

எஸ்கலாண்டே ஊரார், பாலைவனப் பள்ளத்தாக்குகளுக்கு அங்கே மாண்டவர்களின் பெயரையே இடுவது வழக்கம். அப்படியொரு பள்ளத்தாக்குக்குள் கன்றைத் தேடிப் போன ஆரின் என்பவன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மறு கோடையில், வரைபடத்துக்குப் பெயர் சேகரித்த நில அளவையர் அவன் மனைவி வெல்டாவிடம் வந்தார்.

"ஆரின் பள்ளத்தாக்குன்னு போட்டுடவாம்மா?"

"அவரு செத்துட்டாருன்னு அச்சடிக்கப் போறீங்களா? என் பேரைப் போடுங்க. எங்கயாச்சும் இந்தப் படத்தைப் பாத்தா, நான் காத்திருக்கேன்னு அவருக்குத் தெரியட்டும்."

அப்படியே அச்சாயிற்று.

இருபதாண்டுகள் கழித்து, அவளுடைய கடையில் ஒரு வழிப்போக்கன் நைந்துபோன அந்த வரைபடத்தை விரித்தான்.

"இந்த வெல்டா எப்படிங்க செத்தா?"

"எங்கே தம்பி செத்தா? உனக்குச் சாமான் கட்டிக்கிட்டிருக்கா."

அவன் சிரித்தான். அவள் பொட்டலத்தைக் கட்டி முடித்தாள்.

"அங்க யாரையாவது பாத்தா, கன்னுக்குட்டி அன்னைக்கே வீட்டுக்கு வந்துடுச்சுன்னு சொல்லிடு."