கிரேக்கருக்கு ஓர் இலை

இன்று ஆடி அமாவாசை. திண்டிவனத்தில் என் மருமகள் சுடும் வடையின் வாசனை, என்னை விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கே கொண்டுபோய்விட்டது.

ரயில்வே குமாஸ்தாவான அப்பா சாமி கும்பிடமாட்டார். படையல் என்றாலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் உயிராகப் படித்த ஒரு கிரேக்க எழுத்தாளர் இறந்தபோது, பேப்பரில் வந்த படத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த ஆடி அமாவாசைக்கு அம்மா அந்த மீசைக்காரருக்கும் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டாள்.

"அவரு சாமியையே கேள்வி கேட்டவருடி! அவங்க கோயில்காரங்களே அவர ஏத்துக்கல!" என்று அப்பா கத்தினார்.

"புள்ளைங்க?"

"இல்ல."

அம்மா கரண்டியோடு நின்றாள். "அப்ப நம்மள வுட்டா அவருக்கு யாரு படைப்பாங்க? உளுந்து வடை சாப்புடுவாருங்களா?"

அப்பாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே இலையை முற்றத்துக்கு எடுத்துப்போய், வாழ்நாளில் முதல்முறையாக, "கா... கா..." என்று கூப்பிட்டார். காக்கை வந்து வடையைத்தான் முதலில் கொத்தியது.

"அத்த, ஒரு இலை அதிகமா இருக்கே?" என்கிறாள் மருமகள்.

"எங்கப்பா இலைக்குப் பக்கத்துல போடும்மா. ரெண்டு பேரும் பேசிக்கினே சாப்புடுவாங்க."