கிணற்றடிக் குடைகள்

நர்சரியில் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். குடைக்கோரையின் ஈர வாசம் எழுந்தது. அறுபது வருடங்களுக்கு முந்தைய எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கிணற்றடியில் நின்றேன்.

குளித்த தண்ணீர் ஓடுமிடத்தில் அப்பா குடைக்கோரையை அழகுக்காக வளர்த்தார். தண்டுக்கொரு பச்சைக் குடை. அடியில் உட்கார்ந்து அண்ணாந்தால் வானமே பச்சையாக அசையும்.

முசிறியிலிருந்து வந்த அத்தைக்கு, வயலில் பழகிய கண்ணுக்கு, கோரை என்றால் களைதான். ஒரே பகலில் அத்தனையையும் பிடுங்கிவிட்டாள்.

"அண்ணே, கோரை மண்டிக் கிடந்துச்சு. சுத்தமா எடுத்துட்டேன்" என்றாள், ஆபீஸிலிருந்து வந்த அப்பாவிடம், பெருமையாக.

அப்பா வெறும் சேற்றைப் பார்த்தார். பிறகு அவளுடைய சிவந்த உள்ளங்கைகளை.

"கை எரியுதாம்மா?" என்றார்.

மழைக்குப் பிறகு, சேற்றில் மிஞ்சிய வேர்களிலிருந்து குடைகள் மறுபடி விரிந்தன. அதன்பின் அத்தை வந்திருக்கும் நாட்களில் மட்டும், அவற்றை மறைத்தபடி, அப்பாவின் வேட்டி கிணற்றடிக் கொடியில் நாள் முழுதும் காய்ந்துகொண்டிருக்கும்.