வரிசையில் வந்த சோறு

எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை அசையவே இல்லை. நெல்லூரில் பஸ் பழுதாகி, இந்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். முதுகு கழன்றுவிடும் போலிருக்கிறது. டிரைவர் தேசிங்கின் வீடு பக்கத்திலேயே, விம்கோ நகரில்தான். வண்டியை விட்டுப் போனால் வரிசையில் இடம் போய்விடும் என்று ஸ்டியரிங்கிலேயே தலைசாய்த்துக் கிடக்கிறார்.

அவர் மனைவி செல்வி தூக்குச்சட்டியோடு லாரிகளுக்கு நடுவே நடந்து வந்து, ஏறி எங்களிடையே உட்கார்கிறார். கருவாட்டுக் குழம்பில் பிசைந்த சோறு. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே சாப்பிட வசதியாக, உருண்டை பிடித்தே கொண்டுவந்திருக்கிறார்.

"நீயும் துன்னு சார்," என்கிறார் தேசிங்கு.

நாலு நாளாக ஓட்டல்களில் தின்று மரத்துப்போன நாக்கு விழித்துக்கொள்கிறது. "இந்தப் பயணத்துலயே நல்ல சாப்பாடு இதுதாம்மா," என்கிறேன். செல்வி சிரித்தபடி என் கையில் இன்னொன்று வைக்கிறார், பிறகு இன்னொன்று. வேண்டாமென்று சொல்ல எனக்குத் தெம்பில்லை, மனமும் இல்லை.

வரிசை நகர்கிறது. தேசிங்கு கியரைப் போட்டபடி காலிச் சட்டியைப் பார்க்கிறார்.

"இன்னாமே, நீ துன்னல?"

"வூட்டுக்குப் போய்த் துன்னுக்கறேன்."

"வூட்ல இன்னா கீது? ஒண்ணா துன்லாம்னு நீதான போன்ல சொன்ன?"

"சும்மா ரோட்டப் பாருய்யா," என்கிறார் செல்வி.

கடைசி உருண்டை இன்னும் என் வாயில்தான் இருக்கிறது.