ஹிஷாம் பாஸுக்கு வந்த வயிற்றுநோவு

கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு போட் மோட்டர் நடுக்கடலில் நின்றுபோனால், அதைக் கரைக்கு இழுத்து வந்ததும் ஆட்கள் முதலில் தேடுவது ஹிஷாமைத்தான். பாஸ் என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். கைவேலை தெரிந்த எவரையும் இங்கே அப்படிக் கூப்பிடுவதுதான் வழக்கம். கடல்நீர்க் களப்போரத்தில் ஓலைக் கொட்டில் ஒன்று, அதற்குள் தண்ணீர் நிரப்பிய ஒரு பீப்பாய். அதன் விளிம்பில் மோட்டரைக் கொழுவி, கயிற்றை இழுத்து ஓடவிட்டு, தலையைச் சரித்துக் காது கொடுப்பார். பழுதாகாத மோட்டரையும் அவர் சும்மா விடுவதில்லை. தன்பாட்டில் போகிற வள்ளத்தின் சத்தம் கொஞ்சம் மாறிக் கேட்டால் போதும், "நூஹு நானாட மோட்டர்ல என்னமோ பிசகு" என்று சொல்லி, நூஹு கரைக்கு வரும்வரை சோற்றுக்குப் போகாமல் நிற்பார். அவருக்குக் கூலியை விடக் காரணம்தான் முக்கியம்.

அப்படிப்பட்ட மனிசனின் மகளுக்குத்தான், ஏன் என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு வயிற்றுநோவு வந்து சேர்ந்தது.

பஹ்மா நாலாம் வகுப்புப் படிக்கிறாள். நன்றாக ஓடுவாள், வாய்க்கும் குறைவில்லை. போன வருசம் மழைக்காலம் முடிகிற நேரம், பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றவள் அப்படியே குந்திவிட்டாள். தொப்புளைச் சுற்றி நோவுது என்றாள். கொஞ்ச நேரம் படுத்தாள், பிறகு எழும்பிப் பாண் கேட்டுச் சாப்பிட்டாள். அடுத்த கிழமையும் வந்தது. அதற்கடுத்த கிழமை இரண்டு மூன்று தரம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்கிற நாட்கள் கூடிக்கொண்டே போயின.

பள்ளிக்கூடக் கள்ளம் என்றுதான் ஹிஷாம் முதலில் நினைத்தார். ஆனால் சனிக்கிழமையும் நோவு வந்தது. சாச்சியின் கலியாணத்தன்று, புதுச்சட்டையும் போட்டு, நாலைந்து பேர் சேர்ந்துண்ணும் பிரியாணிச் சகனுக்கு முன்னால் உட்கார்ந்தவேளையிலும் வந்தது. கள்ளத்துக்காகப் பிரியாணியை விடுகிற பிள்ளை இல்லை அவள். கணக்கு எங்கேயோ இடித்தது.

பிறகு அவர் தனக்குத் தெரிந்த வழியால் இறங்கினார். முதலில் பால்மாவை நிற்பாட்டினார். அது சரிவராமல் போக, பால்மாவைத் திரும்பக் கொடுத்துவிட்டு உறைப்புக் கொச்சிக்காயை நிற்பாட்டினார். அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர், அதற்குப் பிறகு கடைத் தண்ணீர். குடற்பூச்சி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்.

"எல்லாத்தையும் ஒரேயடியா நிப்பாட்டினா என்ன?" என்று கேட்டாள் மனைவி ஸாஜிதா.

"அப்ப எது பிழையெண்டு எப்படித் தெரியும்? ஒவ்வொண்டாத்தான் கழட்டிப் பாக்கணும்."

"இது மோட்டர் இல்ல. நான் பெத்த புள்ள."

ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும், கொட்டிலுக்குப் போகமுன்னம், பஹ்மாவின் பாய்ப்பக்கம் வந்து குனிந்து, "மகள், இண்டைக்கு வயிறு எப்படி?" என்று கேட்காமல் அவர் படியிறங்கியதில்லை. கேட்டுவிட்டு, தலையைச் சரித்துக்கொண்டு விடைக்குக் காத்திருப்பார்.

அவர் மட்டுமா கேட்டது? அந்த ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் கேட்டது. நோயாளியைப் போய்ப் பார்ப்பதும் விசாரிப்பதும் நன்மையான காரியம் என்று பிறந்த நாளில் இருந்து கேட்டு வளர்ந்த சனம். வெறுங்கையோடு வருவதும் இல்லை. பிஸ்கட் வந்தது, அப்பிள் வந்தது, செவ்விளநீர் வந்தது. பக்கத்து வீட்டு றஹ்மத் உம்மா ஓதின தண்ணீரோடு ஒரு நேரம், உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப்போட ஒரு நேரம் என்று வந்துகொண்டே இருந்தார். நூஹு வலையை இழுத்துவிட்டு வருகிற வழியில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வயித்துக்காரி எங்க?" என்பார். பஹ்மாவும் பாயில் எழும்பி உட்கார்ந்து, எங்கே நோகிறது, எப்படி நோகிறது என்று எல்லாருக்கும் மரியாதையாகச் சொல்லுவாள். சொல்லி முடிகிறபோது முகம் சுருங்கிக் கை வயிற்றுக்குப் போகும்.

கடைசியில் சிலாபத்தில் இருந்த ஒரு பிள்ளை டொக்டரிடம் கொண்டுபோனார்கள். இரத்தம் பார்த்தார்கள், சலம் பார்த்தார்கள், ஸ்கேனும் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். டொக்டர் அம்மா சிங்களத்தில் கேட்டுக்கொண்டு போனார். பிள்ளை மெலிந்ததா, நித்திரையில் நோவு எழுப்பிவிடுகிறதா, சத்தி எடுக்கிறாளா, காய்ச்சல் வந்து வந்து போகிறதா, மலத்தோடு இரத்தம் போனதா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று வந்தது.

"மோசமான ஒன்றும் இல்லை. ஆனால் நோவு உண்மை" என்றார் டொக்டர். "சில பிள்ளைகளின் குடல் சின்ன விசயத்தையும் பெரிய சத்தமாகத் தலைக்குச் சொல்லிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு மெல்ல மெல்லக் குறையும். நோவு வந்தால் சுடுதண்ணீர்ப் போத்தலை வையுங்கள், ஆறுதலாக மூச்சு விடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் அனுப்புங்கள். நான் இப்ப கேட்டதில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே கொண்டுவாருங்கள். அதுவரைக்கும் வயிற்றைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம்."

"ஏன் வருது, மிஸ்?" என்றார் ஹிஷாம்.

"எல்லா நேரமும் ஏன் என்று சொல்ல ஏலாது."



திரும்பி வருகிற பஸ்ஸில், பாலாவியில் உப்பளம் வெள்ளையாகத் தெரிகிற இடத்தில், பஹ்மா அவருடைய கையைச் சுரண்டினாள். "டொக்டர் செல்லினதை நீங்க நம்பிறீங்களா வாப்பா?"

"எதை?"

"நோவு உண்மைண்டு."

"ஓம்" என்றார். ஆனால் அந்த ஓமுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஒரு சாமானும் பழுதில்லாமல் மோட்டர் இடிக்கும் என்று அவருடைய கை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பஹ்மா கையை எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திரும்பிய விதம் கற்பிட்டி வரைக்கும் அவரைக் குடைந்தது.

அடுத்த நாள் காலை கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினார். வாசலில் றஹ்மத் உம்மா கஞ்சிக் கோப்பையோடு நின்றார்.

"புள்ளட வயிறு எப்படி மகன்?"

"மாமி, இனி அதைக் கேக்க வேணாமெண்டு டொக்டர் செல்லி ஈக்கிறா."

"கேக்க வேணாமா?" றஹ்மத் உம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "நோயை விசாரிக்க வேணாமெண்டு எந்த டொக்டர் செல்லுவா? அது நபி காட்டின சுன்னத்து மகன். நாளைக்கு மறுமையில எனக்கிட்ட கேள்வி வந்தா அந்த டொக்டரா வந்து பதில் செல்றது?"

"வாங்க மாமி, வந்து வேற எதையாச்சும் கதைங்க."

"வேற எதை? சின்னப் புள்ளகிட்ட நான் மீன் வெலையா கதைக்கிற? நோயாளி இல்லாத ஊட்டுக்குக் கஞ்சியோட வந்தா, சனம் எனக்கென்ன நோயெண்டு கேக்கும்."

உள்ளே ஸாஜிதா சிரிப்பை அடக்குவது கேட்டது. மாமியின் முகத்தில் உண்மையான மனத்தாங்கல் இருந்தது. இவரை மட்டும் மறித்தால் போதாது, ஒழுங்கை முழுக்க மறிக்க வேண்டும், மறித்தால் முழு ஒழுங்கையும் கோவிக்கும். ஹிஷாம் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"உங்களுக்கு ஒரு நோயாளி வேணும், அவ்வளவுதானே? எனக்கு கேஸ்ட்ரிக் மாமி. என்னை விசாரிங்க."

"பொய் செல்லாதீங்க" என்றாள் ஸாஜிதா உள்ளே இருந்து.

"என்ன பொய்? பகல் சோத்தை நான் பொழுதுபடத்தானே திங்கிற? எத்தினை வருசமா எரியுது."

அது உண்மைதான். றஹ்மத் உம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கோப்பையைத் திரும்ப எடுத்து அவருடைய கையில் கொடுத்தார். "அப்ப குடிங்க. இனி உறைப்புச் சம்பல் தொடப்படாது."

பொழுதுபடுவதற்குள் செய்தி களப்பு வரைக்கும் போய்விட்டது. பிள்ளையின் நோவு சுகமாம், இப்ப வாப்பாவைப் பிடித்திருக்காம். சனம் அப்படியே பிள்ளையை விட்டுவிட்டு வாப்பாவிடம் தாவியது. ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற இடத்தில் ஆள் மாறி ஆள் கேட்டார்கள். எண்ணெய் அடிக்கப் போன இடத்தில் கேட்டார்கள். ஒருவர் கருஞ்சீரகம் தந்தார், இன்னொருவர் தேன் தந்தார், வண்ணாத்திவில்லில் இருந்து மோட்டர் திருத்த வந்த அறிமுகமில்லாத மனிசன் வேலிப் பருத்திச் சாறு குடிக்கச் சொன்னான். நூஹு ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் தூரத்தில் இருந்தே, "பாஸ், வயிறு எப்படி?" என்று கத்துவார்.

பஹ்மாவுக்கு இது பெரிய தமாசாகிவிட்டது. பாயை விட்டெழும்பி வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர்களுக்கு அவள்தான் பதில்.

"வாப்பாக்கு எப்படி மகள்?"

"இண்டைக்குப் பரவாயில்ல மாமி. ஆனா களவாச் சம்பல் திண்டவர்."

"பாத்தீங்களா, நான் செல்லினன்தானே" என்பார் றஹ்மத் உம்மா.

ஹிஷாமுக்குச் சம்பல் போனது. பால் விடாத பிளேன்டியும் போனது. தோசையைக் கண்ணால் பார்ப்பதோடு சரி.

பிறகு ஒரு நாள் பகல், கொட்டிலில் நூஹுவின் மோட்டரைப் பீப்பாயில் ஓடவிட்டு, காது கொடுத்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்து நின்ற நூஹு வழக்கம்போல் கேட்டார். வழக்கம்போல் பதில் சொல்ல வாயெடுத்தவர், என்ன சொல்வது என்று ஒரு கணம் வயிற்றுப் பக்கம் கவனத்தைத் திருப்பினார். அங்கே ஒன்று இருந்தது. எரிவு இல்லை, எரிவு அவருக்குப் பழக்கம். இது தொப்புளைச் சுற்றி ஒரு கை மெல்லப் பிடித்து முறுக்குகிற மாதிரி.

மோட்டரை நிற்பாட்டினார்.

"என்ன பாஸ், மோசமா?"

"பொறுங்க நானா." அவர் அசையாமல் நின்றார். நோவு இன்னும் கொஞ்சம் இறுகியது. சற்றுமுன் இது இருந்ததா? கேட்டதால் வந்ததா, இருந்ததுதான் கேட்டதும் தெரிந்ததா? விரலால் அமத்திப் பார்த்தார். எந்த இடத்தைத் தொட்டாலும் இது என்று சொல்ல முடியவில்லை. கழற்றிப் பார்க்க இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது, அது கற்பனை இல்லை.

"ஊட்டுக்குப் போய்ட்டு வாறன்" என்றார்.

பஹ்மா அன்றைக்கும் பள்ளிக்கூடம் போகவில்லை. வாசலில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்க அவருக்கு ஆயிரம் இருந்தது. கேட்கக்கூடாதே. அதனால் பக்கத்தில் குந்திக்கொண்டு, தன்னுடையதைச் சொன்னார். "மகள், எனக்கு வயிறு நோவுது."

பஹ்மா நிமிர்ந்து பார்க்காமல், "வாசல்ல ஆக்கள் இல்ல வாப்பா" என்றாள்.

"உண்மையா."

அப்போதுதான் பார்த்தாள். பென்சிலை வைத்தாள். "எங்க? தொப்புளச் சுத்தியா?"

"ஓம்."

"குத்துதா, முறுக்குதா?"

"முறுக்குது."

"முறுக்கு வந்தா அமத்தப்படாது." அவள் எழும்பி, உம்மாவிடம் சுடுதண்ணீர்ப் போத்தலை வாங்கித் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தாள். அவரைச் சுவரில் சாய வைத்து, வயிற்றில் வைத்துவிட்டாள். "மெல்ல மூச்சு விடுங்க. இன்னும் மெல்ல. போச்சா போச்சா எண்டு பாத்துக்கிட்டு இருக்கப்படாது வாப்பா, பாத்தா போகாது."

"அப்ப என்ன செய்ற?"

"வேற எதையாச்சும் பாருங்க." தான் கீறிய படத்தை அவருக்கு முன்னால் பிடித்தாள். உச்சமுனைத் தீவுக்குப் போகிற வள்ளம் ஒன்று. மோட்டரைத் தலைகீழாகக் கீறியிருந்தாள். அவர் அதைச் சொல்ல வாயெடுத்து, புரொப்பெல்லர் எந்தப் பக்கம் வரும், தண்டு எவ்வளவு நீளம் என்று விளங்கப்படுத்தப் போய், பென்சிலை வாங்கித் தானே கீறி முடித்தபோது, போத்தல் ஆறிப்போயிருந்தது. நோவு எப்போது போனதென்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க நடிக்கல்லதானே?" என்றாள் பஹ்மா.

"இல்ல மகள்."

"நானும் அப்படித்தான்."

"தெரியும்" என்றார். இந்த முறை அவருக்கு நேரம் எடுக்கவில்லை. பஹ்மா அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போத்தலை எடுத்துக்கொண்டு உள்ளே போய், "உம்மா, என்ட ஸ்கூல் சட்டை காஞ்சிட்டா?" என்று அவள் கேட்பது அவருக்குக் கேட்டது.

அடுத்த நாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் நாள் பாதியில் வகுப்பு டீச்சர் தொலைபேசி எடுத்து, ஹிஷாம் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு நாள் பள்ளிக்கூட வாசல் படலை வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். வேறொரு நாள் பைக்கில் ஏறும்போதே கை வயிற்றில் இருந்தது. அவர் கண்டார், ஒன்றும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பாமல் நின்றார்.

"நோவுதுதான்" என்றாள் அவள் பின்னால் இருந்து. "ஆனா போவம்."

அன்று முழுக்கக் கொட்டிலில் அவருக்கு வேலை ஓடவில்லை. சட்டைப் பையில் தொலைபேசி எப்போது அதிரும் என்று பார்த்துக்கொண்டு, ஒரே பிளக்கை இரண்டு தரம் கழற்றித் துடைத்தார். அது அதிரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்த பஹ்மா, கூடப் படிக்கிற ஸஹ்னா இவளுடைய எழுத்துக் கொப்பிக்குள் நண்டுக்கால் வைத்த கதையைப் படலையில் இருந்தே தொடங்கிவிட்டாள். யார் யார் சிரித்தது, டீச்சர் என்ன சொன்னது, எல்லாம். ஹிஷாம் கேட்டுக்கொண்டு நின்றார். எப்ப நோவு நின்றது? வகுப்பில் முறுக்கியதா? மூச்சு விட்டாளா, தண்ணீர் குடித்தாளா? எல்லாம் வாய்க்குள் வந்து நின்றன.

பஹ்மா கதையை நிற்பாட்டினாள். "நீங்க கேக்கப் போறீங்க."

"இல்லயே."

"மூஞ்சியில தெரியுது."

"கேக்கல்ல. ஏறுங்க."

அவள் ஏறி அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பைக் பள்ளிவாசலைத் தாண்டும்போது, அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்து தானாகச் சொன்னாள். "இன்டர்வலோட அது போய்ட்டு. ஏனெண்டு கேக்காதீங்க, எனக்குத் தெரியா."

"எனக்கும் தெரியா" என்றார் ஹிஷாம்.

"சரி, நண்டுக்கால்" என்று அவள் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினாள்.