வெயில் வராத வீடு

அபுதாபியைச் சேர்ந்த ருவைஸில் கோடைக்காலத்தில் மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெளியே யாரும் வேலை செய்யக்கூடாது. அந்த நேரத்தில் மற்றவர்கள் ஏசி போட்ட கன்டெய்னருக்குள் கால் நீட்டித் தூங்குவார்கள். நான் இங்கிலாந்தில் வீடு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மனைவி நர்ஸ். அபுதாபியில் பத்து வருடம் வேலை பார்த்தவள், இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்ததும் மகளையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சுத்திகரிப்பு ஆலையில் பராமரிப்பு வேலை, ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம். அது முடிந்ததும் நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன், அதற்குள் மூன்று பேரும் நிம்மதியாக இருக்க ஒரு சொந்த வீடு என்று முடிவு செய்திருந்தோம். நிம்மதி என்ற சொல்லை அப்போது நான்தான் அதிகம் சொன்னேன்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அங்கேயோ வீடு விற்பவர் முதலில் தனக்கு ஒரு வீடு வாங்க வேண்டும், அந்த வீட்டுக்காரர் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். நடுவில் ஒருவர் மனம் மாறினாலும் எல்லாம் நின்றுவிடும். வக்கீலுக்கு மெயில் போட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று பதில் வரும். இங்கே நான் பழுதான பம்ப்பை ஒரே ஷிஃப்டில் கழற்றி மாட்டுகிறவன். தினமும் வீடியோ காலில் அவளைப் பிய்த்து எடுத்தேன்.

முதலில் பார்த்த வீடு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அமைதியான தெரு. ஊரடங்கு போட்டதைப் போல ஓர் ஆள்கூட இல்லை. தோட்டம் தெற்குப் பார்த்தது, நாள் முழுக்க வெயில் வரும் என்று ஏஜென்ட் பெருமையாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"என்னங்க, பாத்தீங்களா? எல்லா ரூம்லயும் வெளிச்சம்" என்று போனைச் சுற்றிக் காட்டினாள். கண்ணாடிக் கதவு வழியாகத் தரை முழுக்க வெயில் விழுந்து கிடந்தது.

அபுதாபியில் நாங்கள் முதலில் குடியிருந்தது மேற்குப் பார்த்த ஃப்ளாட். சுவரில் கை வைத்தால் சுடும், குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு உடம்பெல்லாம் வியர்க்குரு. அதிலிருந்து எந்த வீட்டைப் பார்த்தாலும் வெயில் எந்தப் பக்கம் என்பதுதான் என் முதல் கேள்வி. கல்ஃபில் வீடு தேடுகிற யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

"நாள் முழுக்க வெயில் அடிக்கிற வீட்ட எவனாவது வாங்குவானா? பட்டதெல்லாம் மறந்துபோச்சா உனக்கு?" என்றேன்.

"இங்க வெயிலு அப்படி இருக்காதுங்க..."

"வெயில்னா எல்லா ஊர்லயும் வெயில்தான். கோடை வரட்டும், அப்பறம் என்கிட்ட அழாத."

அவள் ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வாதாட நான் எங்கே விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அடுத்த தெருவில் இன்னொரு வீடு. தோட்டம் வடக்கே. வாசலில், குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத பெரிய மரம். அதை வெட்ட நகராட்சி அனுமதிக்காது என்று ஏஜென்ட் தாழ்ந்த குரலில், குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போலச் சொன்னார். வெட்டுவதா? வாசலில் நிழல் மரத்தோடு ஒரு வீடு! உள்ளே மதிய நேரத்திலும் சில்லென்று இருக்கிறது என்று அவளே சொன்னாள். விலையும் கொஞ்சம் குறைவு. விற்கிறவன் விவரம் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

"கலாஸ், முடிஞ்சது. இதுதான் வீடு" என்றேன்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

கன்டெய்னரில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி மரத்தின் படத்தைக் காட்டினேன். கொடுத்து வைத்தவன் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அக்டோபரில் சாவி கைக்கு வந்தது. அதன்பிறகு வீடு எப்படி என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில், "நல்லாருக்குங்க." வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு பேசினாள். காய்ச்சலா என்றால் இல்லை என்றாள். ஒருநாள் மகள் போனை வாங்கி, "அப்பா, நம்ம ஹவுஸ்ல எப்பவுமே ஈவ்னிங்" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஜனவரியில் லீவு கிடைத்துப் போனேன். காலை பதினொரு மணிக்கு எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. படுக்கையறைச் சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாமல் ஹாலில் தொங்கியது. ஹீட்டர் ஓடுகிறவரைக்கும் சூடு, நிறுத்தினால் எலும்புக்குள் குளிர் இறங்கியது. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாடிக்கும் கீழுக்கும் நடந்து, ஒவ்வொரு ஜன்னலாக நின்று பார்த்தேன். முன்பக்கம் மரம் மறைத்தது. பின்பக்கம் வடக்கு; தெற்கே தாழ்வாகப் போகிற குளிர்காலச் சூரியன் அங்கே எட்டிப் பார்க்கவே இல்லை. அவளோ டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் நாள் அவளுக்கு மதிய ஷிஃப்ட். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கடைக்குப் போய்விட்டு அப்படியே டூட்டிக்குப் போகிறேன் என்று சாப்பாட்டு டப்பாவோடு சீக்கிரமே கிளம்பினாள். அந்த அமைதியில் தனியாக இருக்க முடியாமல் நானும் இரண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரத்தில் வெளியே நடந்தேன்.

தெருக்கோடியில், பிள்ளைகள் விளையாடுகிற புல்வெளி ஓரமாக எங்கள் கார் நின்றிருந்தது. உள்ளே அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மடியில் டப்பா திறந்திருந்தது. முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

கண்ணாடியைத் தட்டினேன். திருடி மாட்டிக்கொண்டவளைப் போலப் பதறிக் கதவைத் திறந்தாள்.

"கடைக்குப் போகலையா?"

"இல்லங்க. இந்நேரம் இங்க கொஞ்சம் வெயில் வரும். சும்மா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவேன்."

"தினமுமா?"

"வெயில் வர்ற அன்னிக்கு."

பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். முதலில் எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. "வீட்டுக்குள்ள வெயில் வரலைன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் டப்பாவை மெதுவாக மூடினாள்.

"அங்க கொதிக்கிற வெயில்ல நின்னுட்டு வந்து போன் பண்றீங்க. முகமெல்லாம் கருகிக் கெடக்கு. உங்ககிட்டப் போயி எனக்கு வெயில் வேணும்னு எந்த வாயால கேக்கறது?"

இருபது வருடச் சம்பாத்தியத்தைப் போட்டு, என் பயத்துக்கு ஒரு வீடு வாங்கி அதில் இவளைக் குடிவைத்திருக்கிறேன். அவள் டூட்டிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அதுவரை இரண்டு பேரும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம்.