சீசரின் நாளில் ஒரு பரஸ்தானம்

சகுனம், பேய், பிசாசு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. மெரி என்கிற நகரசபையில், ராகுகாலத்தில் பதிவுத் திருமணம் செய்தவன் நான். பின்விளைவுகளுக்கு ராகுவை ஒருநாளும் குறை சொன்னதில்லை. இனிச் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

என் மனைவி மலரின் பிரெஞ்சுக் குடியுரிமை நேர்காணல் மார்ச் பதினைந்து, புதன்கிழமை, பகல் பன்னிரண்டரை என்று கடிதம் வந்தது. இரண்டு வருடம் காத்துக் கிடைத்த ரந்தெவு, அதாவது சந்திப்பு நேரம். தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும். டொரொண்டோவில் இருக்கும் அக்காவை மலர் பார்த்துப் பதினெட்டு வருடம். கனடாக்காரன் மூன்று தடவை விசா மறுத்துவிட்டான். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. மலர் பஞ்சாங்கத்தை விரித்தாள். அட்டமி. நேரமோ அச்சொட்டாக ராகுகாலம்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் நாலு புத்தகம் படித்தவனுக்கு அது முடிகிற காரியமா? சீசரைக் குத்திக் கொன்றதும் இதே நாள்தான் என்றேன். ரோமர்கள் இதை மார்ச் மாத 'இதெஸ்' என்பார்கள், அன்று கவனமாயிரு என்று ஒரு குறிகாரன் முன்கூட்டியே எச்சரித்தானாம், இதெஸுக்கு அடுத்த நாளை நம் கரிநாள் போல ஒதுக்கிவைத்துப் புதுக்காரியம் எதுவும் தொடங்கமாட்டார்கள் என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன்.

"ரோமாபுரிக்காரரே பயந்த நாளோ? இதை முதலே சொல்லியிருக்கலாமே!" என்றாள் மலர்.

உடனே பரஸ்தானம் வைத்தாள். தெரியாதவர்களுக்கு: கெட்ட நாளில் பயணம் வந்தால், முதல்நாளே நல்ல ஓரையில் ஒரு பையை இன்னொருவர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிரகங்களை இவ்வளவு சுலபமாக ஏமாற்றலாம் என்பது எனக்குப் புதிய செய்தி. செவ்வாய் காலை, ரூ பஜோல் தெருவில் சிவம் அண்ணையின் மரக்கறிக்கடையில் மஞ்சள் துணிப்பை ஒன்று போய் உட்கார்ந்தது.

மறுநாள் பதினொரு மணிக்குப் பையை எடுக்கப் போனால் கடை பூட்டு. சிவம் அண்ணை இருப்பது ஸ்தேன் என்ற புறநகரில், ரயிலில்தான் வரவேண்டும். அன்றைக்கு ரயில்காரர் வேலைநிறுத்தம், குப்பைக்காரரும் வேலைநிறுத்தம், நடைபாதை முழுக்க ஆள் உயரத்துக்குக் குப்பை. அவருடைய போன் செத்துக் கிடந்தது.

"பை கிடக்கட்டும், வாரும் போவம்" என்றேன்.

மலரின் முகம் வெளிறியது. "இஞ்சேருங்கோ, பிறப்புப் பத்திரத்தின்ரை ஒறிஜினல் அதுக்குள்ளதான்."

"ஐயோ, அதை ஏனப்பா அதுக்குள்ள வைச்சனீர்?"

"வெறும் பையை வைச்சால் பயணம் போறது பையோ, நானோ?"

தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. ஒறிஜினல் இல்லாமல் வராதே என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தான். மலர் கடையின் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

அப்போதுதான் குப்பைமேட்டுக்குப் பின்னாலிருந்து அந்த மனுஷி வந்தாள். வயதானவள், கைகளிலும் கன்னத்திலும் மாவு, இடுப்பில் ரொட்டி அடுக்கிய ஒரு பாண்கூடை. கூடைக்கு மேலே எங்கள் மஞ்சள் பை. மலரிடம் நீட்டி, "அழாமல் போ, பிள்ளை, எல்லாம் சரிவரும்" என்றாள். இது மலர் கேட்டது, அச்சொட்டான யாழ்ப்பாணத் தமிழில். நான் கேட்டதும் அதேதான், ஆனால் பிரெஞ்சில். மலர் பைக்குள் கைவிட்டுப் பத்திரத்தை இழுத்துப் பார்த்த கணத்துக்குள் தெருவில் எவரும் இல்லை. நேர்த் தெரு அது, ஒளிய ஒரு சந்துகூடக் கிடையாது. சிவம் அண்ணை பக்கத்துக் கடையில் கொடுத்துவைத்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஓடினோம். அதிகாரி பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிரதி எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே திருப்பித் தந்தார்.

மாலை ஐந்து மணிக்கு சிவம் அண்ணையின் அழைப்பு. "மாஸ்டர், குறை நினையாதையும், இப்பதான் கடை திறக்கிறன். தங்கச்சியின்ரை பை அப்பிடியே கிடக்கு."

"பை எங்களிட்டை வந்திட்டுது அண்ணை."

"விசர்க்கதை கதையாதையும். கையிலை வைச்சுக்கொண்டெல்லோ கதைக்கிறன்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே மஞ்சள் பை, அதே முடிச்சு. உள்ளே அதே பத்திரம்: அதே இலக்கம், அதே பதிவாளர் கையெழுத்து, மூலையில் அதே தேத்தண்ணிக் கறை.

பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். சீசர் செத்த அதே நாளில் ரோமாபுரியின் ஏழைசனம் ஆற்றங்கரையில் கூடிக் குடித்துப் பாடி, எத்தனை கிண்ணம் குடித்தோமோ அத்தனை வருடம் வாழவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்களாம். அன்னா பெரென்னா என்ற தெய்வத்தின் திருநாள். பசித்த சனத்துக்குத் தினமும் காலையில் சுடச்சுட அப்பம் சுட்டுக் கொடுத்த ஒரு கிழவிதான் அந்தத் தெய்வம் என்று ஒரு கதையும் உண்டு. நான் எதையும் எதோடும் முடிச்சுப் போடவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

குடியுரிமை கிடைத்தது. டொரொண்டோ விமான நிலையத்தில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து நின்ற நேரத்தில் நான் மூன்று பெட்டிகளுக்குக் காவல் நின்றேன்.

இரண்டு பத்திரமும் இன்றைக்கும் வீட்டு மேசை லாச்சியில் ஒன்றாகவே இருக்கின்றன. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்துவிட்டேன், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. ஒரே பெண்ணுக்கு இரண்டு ஒறிஜினல் இருப்பது பிரெஞ்சுக்காரனுக்குத் தெரிந்தால் வில்லங்கம், ஒன்றைக் கிழித்துவிடுவோம் என்று போன மாதமும் மலரிடம் சொன்னேன்.

அவள் தலை நிமிர்த்தாமல் கேட்டாள்: "எதை?"